சான் பிரான்சிஸ்கோ மர்மப்படங்களும் நகர வரலாறும் – ஒரு நோக்கு

திரைப்படத்தை வரலாற்று மூலமாகக் கொள்ளலாமா என்ற வினா எழும்போதெல்லாம் செய்திப்படங்களும் ஆவணப்படங்களுமே முதலிற் சுட்டப்படுவது வழக்கம். கதைப்படம், அதிலும் கொலையையும் துரத்தலையும் பொருளாகக் கொண்ட மர்மப்படம், வெறும் பொழுதுபோக்குச் சரக்கென்று ஒதுக்கப்படுகிறது. கதை கற்பனை, பாத்திரங்கள் கற்பனை, எனவே அதனுள்ளே வரலாறு தேடுதல் வீண் என்பதே இவ்வொதுக்கலின் அடிப்படை. ஆயினும், துரத்தப்படுபவன் ஓடுகின்ற தெரு பெரும்பாலும் கற்பனையன்று. கமெரா கொலைகாரனைப் பார்த்துக்கொண்டிருக்கையில் அவனுக்குப் பின்னாலுள்ள கட்டடமும் படச்சுருளிற் பதிந்துவிடுகிறது. அக்கட்டடம் அடுத்த ஆண்டு இடிக்கப்பட்டுவிடுமாயின், அதன் கடைசிச் சாட்சிகளுள் ஒன்றாக அம்மர்மப்படம் நின்றுவிடுகிறது.

ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோ இவ்வகை நோக்குக்கு மிகவும் வாய்ப்பான நகரம். மூன்று புறமும் நீர் சூழ்ந்த தீபகற்பத்தின் முனையிலே, ஏறத்தாழ ஏழு மைல் நீளமும் ஏழு மைல் அகலமுங் கொண்ட பரப்பினுள் அது அடங்கிவிடுகிறது. அங்கு மர்மப்படங்கள் பெருகியமைக்குச் செங்குத்தான குன்றுகளும் கடற்பனியும் காரணமெனப் பலரும் எழுதியுள்ளனர். இது பாதியுண்மையே. பனியும் குன்றும் என்றும் உள்ளவை. ஆனால் இந்நகரின் சிறந்த மர்மப்படங்கள் 1940களின் பிற்பகுதிக்கும் 1970களின் இறுதிக்கும் இடைப்பட்ட காலத்திலேயே செறிந்து காணப்படுகின்றன. அக்காலம் நகரம் தன்னைத் தானே இடித்துக் கட்டிய காலமாகும். யார் இடித்தனர், யார் இடம் பெயர்க்கப்பட்டனர், யார் அஞ்சப்பட்டனர் என்பனவற்றை இப்படங்கள் சிலபோது அறிந்தும் பலபோது அறியாமலும் பதிவு செய்துள்ளன. அவை காட்டியவற்றோடு காட்டாது விட்டவற்றையுஞ் சேர்த்துப் படிக்கும்போதே அவற்றின் வரலாற்றுப் பயன் வெளிப்படுகிறது.

1906ஆம் ஆண்டு ஏப்ரில் 18ஆந் திகதி ஏற்பட்ட நிலநடுக்கமும் அதனைத் தொடர்ந்து சில நாட்கள் எரிந்த தீயும் பழைய நகரின் பெரும்பகுதியை அழித்தன. ஏறத்தாழ 28,000 கட்டடங்கள் அழிந்தன; நகர மக்களுட் பாதிக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். நகராட்சியின் பிறப்புப் பதிவேடுகளும் எரிந்துபோயின. இக்கடைசிச் செய்தி சிறிதாகத் தோன்றினும் பின்னர் மீண்டும் நோக்கவேண்டியதொன்றாகும். சாம்பலிலிருந்து எழுந்த புதிய நகரிலேதான் டாஷியல் ஹமெட் 1920களிலே வாழ்ந்தார். பிங்கேர்ட்டன் துப்பறியும் நிறுவனத்திற் பணியாற்றிய அவர், குற்றத்தைப் பிரபுக்களின் மாளிகையிலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தவர் எனப் போற்றப்படுகிறார். 1930இல் நூலாக வெளிவந்த அவரது ‘த மோல்டீஸ் பல்கன்’ நாவலிலே தெருக்கள் பெயர் பெயராக வருகின்றன. ஆனால் ஜோன் ஹூஸ்டன் 1941இல் அதனைப் படமாக்கியபோது படப்பிடிப்புப் பெரும்பாலும் ஹொலிவூட் கூடங்களுக்குள்ளேயே நடந்து முடிந்தது. பாலமும் துறைமுகமுந் தெரியும் சில காட்சிகளை ஒட்டவைத்து, இதுதான் சான் பிரான்சிஸ்கோ என்று சொல்லிவிட்டனர். சிறந்த படமாயினும், நகர வரலாறு எழுதுவோனுக்கு அது தரும் செய்தி மிகக் குறைவு.

இரண்டாம் உலகப்போரின் பின் நிலைமை மாறியது. போர்க்களச் செய்திப்படங்களிற் பயன்பட்ட இலகுவான கமெராக்களும், குறைந்த வெளிச்சத்திலும் படம் பதியும் சுருள்களும் கிடைத்தன. மெய்யான இடங்களிற் படமெடுத்தல் நம்பகத்தன்மை தருமென்ற எண்ணமும் பரவியது. 1947இல் டெல்மர் டேவ்ஸ் இயக்கிய ‘டார்க் பாசேஜ்’ இம்மாற்றத்தின் நல்ல சான்று. மனைவியைக் கொன்றதாகத் தவறாகத் தண்டிக்கப்பட்டவன் சிறையிலிருந்து தப்பி நகருக்குள் வருகிறான். படத்தின் முதற்பகுதி முழுவதும் அவனுடைய கண்களாகவே கமெரா இயங்குகிறது. அவன் முகம் காட்டப்படுவதில்லை. டெலிகிராப் குன்றின் மரப்படிகளும், மொண்ட்கொமெரித் தெருவின் உச்சியிலுள்ள அடுக்குமாடியும் அவன் மூச்சிரைப்போடு சேர்ந்தே பார்வையாளருக்கு அறிமுகமாகின்றன. அவ்வடுக்குமாடி இன்றும் நிற்கிறது.

ஓர்சன் வெல்ஸ் இயக்கி அதே காலத்தில் வெளிவந்த ‘த லேடி புறொம் ஷங்காய்’ வேறொரு வகையிற் சான்றாகிறது. தப்பியோடும் நாயகன் சீனர் பகுதிக்குள் நுழைந்து, சீன நாடக அரங்கொன்றிலே பார்வையாளர் நடுவில் ஒளிந்துகொள்கிறான். மேடையிலே கூத்து நடைபெறுகிறது; சுற்றிலும் சீனர் அமர்ந்திருக்கின்றனர்; அவர்கள் பேசுவது நாயகனுக்குப் புரிவதில்லை, பார்வையாளருக்கும் புரியவைக்கப்படுவதில்லை. படத்தின் பெயரில் ஷங்காய் உண்டு. ஆனால் அந்தப் ‘பெண்மணி’ வெள்ளையர். 1882ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டம் 1943இலேதான் நீக்கப்பட்டது. நீக்கப்பட்ட பின்னரும் ஆண்டுக்கு 105 சீனருக்கே குடிவரவு அனுமதியளிக்கப்பட்டது. அறுபது ஆண்டுகளாகச் சட்டத்தால் அந்நியராக்கப்பட்ட ஒரு மக்கட்கூட்டம் திரையிலே மர்மச் சூழலுக்கான வண்ணத்திரையாக மட்டும் பயன்பட்டமை தற்செயலன்று. இறுதிக்காட்சி நடப்பதாகக் காட்டப்படும் கடற்கரைக் களியாட்டப் பூங்காவும் இன்று இல்லை. 1972இல் அது இடிக்கப்பட்டது.

1958ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் நின்று நோக்கவேண்டிய ஆண்டாகும். அவ்வாண்டிலே ஒன்றுக்கொன்று சிறிதும் ஒவ்வாத இரு படங்கள் வெளிவந்தன. ஒன்று, டொன் சீகல் இயக்கிய ‘த லைன்அப்’. மற்றது அல்பிரட் ஹிட்ச்கொக்கின் ‘வேர்ட்டிகோ’. முன்னையது மலிவான பொலிஸ் கதையென அக்காலத்திற் கருதப்பட்டது. பின்னையதும் வெளிவந்தபோது பெரிதாகப் பாராட்டப்படவில்லை. ஆயின் 2012இல் பிரித்தானியத் திரைப்பட நிறுவனத்தின் சஞ்சிகை நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் உலகின் தலைசிறந்த படமெனத் தெரிவானது.

‘த லைன்அப்’ படத்தின் கதை எளியது. ஆசியாவிலிருந்து கப்பலில் திரும்பும் பயணிகளின் பொருட்களில், அவர்களறியாமலே ஹெரோயின் மறைத்துவைக்கப்படுகிறது. அதனை மீட்க வரும் கொலைகாரர் இருவர் நகர் முழுவதும் அலைகின்றனர். 1896இல் திறக்கப்பட்டு 1966இல் எரிந்தழிந்த சூட்ரோ நீராடற் கட்டடத்தின் உட்புறத்தை, அது பனிச்சறுக்கு மண்டபமாக மாறியிருந்த நிலையில், இப்படத்திற் காணலாம். அதனினும் முக்கியமானது இறுதித் துரத்தல். தப்பியோடும் மோட்டார் வண்டி எம்பார்கடேரோ நெடுஞ்சாலையின் மீது ஏறுகிறது. அது துறைமுகத்தை ஒட்டித் தூண்களின் மீது இரு அடுக்காக அப்போது எழுப்பப்பட்டுக்கொண்டிருந்த சாலை. திடீரெனப் பாதை முடிந்துவிடுகிறது, அப்பாற் கட்டப்படவில்லை, கீழே வெறும் ஆகாயம். கொலைகாரருக்குப் போக வழியில்லை.

படக்குழுவினர் இதனைப் பரபரப்பான இடமென்று கருதித்தான் தெரிந்திருப்பர். ஆனால் நகரின் அன்றைய அரசியல் முழுவதும் அந்த விளிம்பிலேயே நின்றது. நகரைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிச் செல்லும் பத்து நெடுஞ்சாலைகள் திட்டமிடப்பட்டிருந்தன. துறைமுகத்தின் அடையாளமாகிய பழைய படகுத்துறைக் கட்டடத்தை மறைத்து எழுந்த இந்த முதற் பூதத்தைக் கண்டபின் மக்கள் விழித்துக்கொண்டனர். 1959 ஜனவரியில் நகர மேற்பார்வையாளர் சபை அப்பத்தில் ஏழு திட்டங்களை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ‘நெடுஞ்சாலைக் கிளர்ச்சி’ என வரலாற்றாசிரியர் அழைக்கும் இவ்வெதிர்ப்பினாலே எம்பார்கடேரோ சாலை திட்டமிட்டபடி நீட்டப்படவேயில்லை. திரையிலே துண்டிக்கப்பட்டு நின்ற சாலை நிலத்திலும் அவ்வாறே நின்றது. 1989 ஒக்டோபர் 17ஆந் திகதிய நிலநடுக்கத்திற் சேதமடைந்து, 1991இல் இடிக்கப்படத் தொடங்கியது.

‘வேர்ட்டிகோ’ படத்தை உளவியல் நோக்கில் ஆராய்ந்தோர் ஏராளம். வரலாற்று மாணவன் கவனிக்கவேண்டியவை அதில் வரும் இரு உரையாடல்களே. உயரத்தைக் கண்டால் தலைசுற்றும் நோயினாற் பொலிஸ் சேவையிலிருந்து விலகிய ஸ்கொட்டியைப் பழைய நண்பன் எல்ஸ்டர் அழைத்து, தன் மனைவியைப் பின்தொடரும்படி கேட்கிறான். எல்ஸ்டர் மனைவிவழி வந்த கப்பல் கட்டுந்தளத்தை நடத்துபவன். நகரம் மாறிவிட்டது, தனக்குப் பிடித்த பழைய சான் பிரான்சிஸ்கோ விரைவாக மறைந்துகொண்டிருக்கிறது என்று அவன் வருந்துகிறான். மற்றைய உரையாடல் பழைய புத்தகக்கடையில் நிகழ்வது. மனைவியைப் பீடித்திருப்பதாகச் சொல்லப்படும் கார்லொட்டா வால்டெஸ் என்பவளின் கதையைக் கடைக்காரர் சொல்கிறார். தெற்கிலே மிஷன் குடியேற்றமொன்றிலிருந்து வந்த ஏழைப்பெண் அவள். செல்வன் ஒருவன் அவளுக்காக வெஸ்டர்ன் அடிஷன் பகுதியிற் பெரிய வீடு கட்டினான். குழந்தை பிறந்ததும் குழந்தையை வைத்துக்கொண்டு அவளைத் துரத்திவிட்டான். அவள் சித்தங்கலங்கித் தற்கொலை செய்துகொண்டாள். அக்காலத்து ஆண்களுக்கு அப்படிச் செய்யும் அதிகாரமும் சுதந்திரமும் இருந்தன என்று கடைக்காரர் சர்வசாதாரணமாகக் கூறிவிடுகிறார்.

ஸ்பானியப் பெயர், மிஷன் குடியேற்றம், செல்வன், பறித்தல், துரத்தல் என இவ்வைந்தையும் ஒன்றுசேர்த்துப் பார்ப்பவர்க்கு 1848இல் மெக்சிகோவிடமிருந்து கலிபோர்னியா கைமாறியதன் பின்னான வரலாறே குறுகித் தோன்றும். பழைய நகருக்காக ஏங்கும் எல்ஸ்டர்தான் இறுதியில் மனைவியைக் கொன்றவன் என்பதும் தெரியவருகிறது. பழமையேக்கத்தைக் கொலைகாரனின் வாயில் வைத்தமை ஹிட்ச்கொக்கின் திட்டமா, கதையமைப்பின் விளைவா என்பதை முடிவுகட்டத் தேவையில்லை. படத்தில் அது இருக்கிறது.

இப்படத்தோடு தொடர்புடைய கல்லறையொன்றும் குறிப்பிடப்படவேண்டும். 1776இல் நிறுவப்பட்ட மிஷன் டொலோரஸ் ஆலயத்தின் மயானத்திலே கார்லொட்டாவின் பெயர் பொறித்த கல்லொன்றைப் படக்குழுவினர் நாட்டினர். படப்பிடிப்பு முடிந்த பின்னரும் சிறிது காலம் அது அங்கேயே நின்றது. இரசிகர்கள் வந்து பார்த்தனர். அதே மிஷன் நிலத்திலே, அப்பிரதேசத்தின் ஆதிக்குடிகளான ஒலோனி மக்கள் உள்ளிட்ட ஆயிரக்கணக்கான பழங்குடியினர் பெயர்க்கல் ஏதுமின்றிப் புதைக்கப்பட்டிருக்கின்றனர். என்றுமே வாழாத ஒருத்திக்குக் கல் இருந்தது.

கார்லொட்டாவின் வீடாகக் காட்டப்படும் மரமாளிகை உண்மையிலேயே வெஸ்டர்ன் அடிஷன் பகுதியில், கோவ் தெருவும் எடித் தெருவுஞ் சந்திக்கும் மூலையில் நின்றது. படம் வெளிவந்த மறு ஆண்டு, 1959இல், அது இடிக்கப்பட்டது. அம்மாளிகையொன்றல்ல, அதனைச் சுற்றிய பகுதி முழுவதுமே அக்காலத்தில் இடித்தலுக்குக் குறிக்கப்பட்டிருந்தது. இவ்விடத்திலே மர்மப்படங்களை விட்டுச் சற்று விலகி, அவை காட்டாதவற்றைச் சொல்லவேண்டியுள்ளது.

வெஸ்டர்ன் அடிஷனும் அதனூடு செல்லும் பில்மோர்த் தெருவும் போருக்கு முன் யப்பானியர் செறிந்து வாழ்ந்த பகுதிகளாகும். 1942இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ற் பிறப்பித்த 9066ஆம் இலக்க ஆணையின்படி அவர்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுத் தடுப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். கப்பல் கட்டுந்தளங்களிலே போர்க்கால வேலைக்காகத் தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர் வெற்றிடமான அவ்வீடுகளிற் குடிபுகுந்தனர். நகரின் பிற பகுதிகளில் அவர்களுக்கு வீடு தருவார் மிகச் சிலரே. 1940இல் ஐயாயிரத்துக்குங் குறைவாகவிருந்த நகரின் கறுப்பின மக்கட்டொகை 1950இல் நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. பில்மோர் தெரு ஜாஸ் இசைக்கூடங்களாற் புகழ்பெற்றது. ஆனால் 1948இலேயே நகராட்சி இப்பகுதியைச் சீர்கெட்ட பகுதியென அறிவித்திருந்தது. 1950களின் நடுப்பகுதியிலிருந்து இரு கட்டங்களாக வீடுகள் இடிக்கப்பட்டன. 1959 முதல் 1971இல் இறக்கும்வரை மீளபிவிருத்தி முகவரகத்தின் தலைமையிலிருந்த ஜஸ்டின் ஹேர்மன் இதனை முன்னின்று நடத்தினார். பல்லாயிரம் பேர் வெளியேற்றப்பட்டனர். திரும்பி வருவதற்கு முன்னுரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. ஆனால் பெரும்பாலானோர் திரும்பவில்லை, திரும்புவதற்கான வீடுகள் உரிய காலத்திற் கட்டப்படவுமில்லை. 1968இல் அப்பகுதி மக்களின் அமைப்பு நீதிமன்றஞ் சென்று இடித்தலுக்கு இடைக்காலத் தடை பெறுமளவுக்கு எதிர்ப்பு வளர்ந்தது.

இத்துணை பெரிய நிகழ்வு அக்கால மர்மப்படங்களில் ஏறக்குறைய இல்லை. 1963இல் எழுத்தாளர் ஜேம்ஸ் போல்ட்வின் நகரின் கறுப்பின இளைஞரோடு உரையாடுவதைப் படமாக்கிய ‘டேக் திஸ் ஹமர்’ என்னுந் தொலைக்காட்சி ஆவணப்படத்தில் அது இருக்கிறது. மர்மப்படக் கமெராவோ நொப் குன்றிலிருந்தும் டெலிகிராப் குன்றிலிருந்தும் கீழே இறங்கிப் பில்மோர் வரை செல்வதற்கு விரும்பவில்லை. அழகான காட்சி அங்கே இல்லையெனக் கருதப்பட்டது போலும்.

அதே 1968ஆம் ஆண்டிலேதான் பீற்றர் யேட்ஸ் இயக்கிய ‘புலிற்’ வெளிவந்தது. ஸ்டீவ் மக்குவீன் ஓட்டிச்செல்லும் மோட்டார் வண்டி குன்றுத் தெருக்களிற் பறந்து பறந்து விழும் காட்சி ஏறத்தாழ பதினொரு நிமிடம் நீடிக்கிறது. படத்தொகுப்புக்கான ஒஸ்கார் பரிசு இப்படத்துக்குக் கிடைத்தது. மூலநாவல் நியூயோர்க்கை நிலைக்களமாகக் கொண்டது. நகரை மாற்றியமையாற் கிடைத்த பயன் கண்கூடு. ஆயினும் வரலாற்று மூலமென்ற வகையில் இக்காட்சியை எச்சரிக்கையோடே கையாளவேண்டும். ஒரு தெருமுனையிலே திரும்பும் வண்டி அடுத்த கணத்தில் நகரின் வேறொரு கோடியிலிருந்து வெளிப்படுகிறது. ஒரே பச்சை வொக்ஸ்வாகன் வண்டியை இருவரும் பலமுறை முந்திச் செல்கின்றனர். ஒவ்வொரு சட்டகமும் உண்மை. அவற்றின் ஒழுங்கு பொய். ஆவணக்காப்பகத்துக் கடிதங்களுக்கும் சிலபோது இதே குறை உண்டென்பதை வரலாற்று மாணவர் அறிவர்.

துரத்தலின் இரைச்சலில் இப்படத்தின் நுட்பமான காட்சியொன்று பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது. சுடப்பட்ட சாட்சிக்குச் சிகிச்சையளிக்கும் இளம் வைத்தியர் கறுப்பினத்தவர். செல்வாக்குள்ள அரசியல்வாதியான சால்மர்ஸ் அவரைப் பார்க்கிறான். இவருக்கு அனுபவம் போதாது, வேறு வைத்தியரை அமர்த்துங்கள் என்கிறான். இனம் பற்றி ஒரு சொல்லும் பேசப்படவில்லை. வைத்தியருக்கும் புலிற்றுக்கும் புரிந்துவிடுகிறது. படம் ஒக்டோபரில் வெளிவந்தது. நவம்பர் 6ஆந் திகதி சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியிலே கறுப்பின மாணவர் ஒன்றியமும் மூன்றாம் உலக விடுதலை முன்னணியும் இணைந்து வேலைநிறுத்தந் தொடங்கின. மறு ஆண்டு மார்ச் வரை நீடித்த அப்போராட்டத்தின் பயனாக இனக்குழுக் கல்விக்கென முதன்முதலில் ஒரு கல்லூரி அங்கே நிறுவப்பட்டது. பல்கலைக்கழக வரலாற்றில் இது எளிதிற் கடந்துபோகத்தக்க செய்தியன்று.

டொன் சீகல் மீண்டும் 1971இல் ‘டேர்ட்டி ஹரி’யோடு இந்நகருக்கு வந்தார். இப்படமே சான் பிரான்சிஸ்கோ மர்மப்படங்களுள் அரசியல் விளைவு மிக்கது. 1968, 1969ஆம் ஆண்டுகளில் நகரிலும் சுற்றுப்புறங்களிலும் கொலைகள் புரிந்து, பத்திரிகைகளுக்குச் சங்கேதக் கடிதங்கள் எழுதி, ‘ஸோடியக்’ என்று தன்னைத் தானே அழைத்துக்கொண்ட ஒருவன் இன்றுவரை நீதிமன்றில் நிறுத்தப்படவில்லை. அவனை மாதிரியாகக் கொண்டு ‘ஸ்கோர்ப்பியோ’ என்னும் பாத்திரம் படைக்கப்பட்டது. இரு மாற்றங்கள் கவனிக்கத்தக்கன. மெய்யான கொலைகாரன் எவனென்று எவருக்குந் தெரியாது. திரைக் கொலைகாரனுக்கோ நீண்ட தலைமயிரும், சமாதானச் சின்னம் பொறித்த இடுப்புப்பட்டியும் அணிவிக்கப்பட்டன. அதாவது, வியட்நாம் போரை எதிர்த்த இளைஞரின் கோலம் அவனுக்குக் கொடுக்கப்பட்டது. இரண்டாவது, கிளின்ட் ஈஸ்ட்வூட் நடித்த ஹரி அவனைச் சித்திரவதை செய்து உண்மையைப் பெறுகிறான். உரிமைகள் மீறப்பட்டமையாற் சாட்சியம் செல்லாதென அரசவழக்கறிஞர் அவனை விடுதலை செய்கிறார். அவன் மீண்டும் குழந்தைகளைக் கடத்துகிறான். கைதானவரின் உரிமைகளை வரையறுத்த 1966ஆம் ஆண்டின் மிரண்டாத் தீர்ப்பே குற்றவாளியைக் காப்பாற்றுகிறது என்பதே இக்கதையின் வாதம். விமர்சகர் போலீன் கேல் இப்படத்திற் பாசிசச் சார்பு வெளிப்படுகிறதென எழுதினார். அவர் கூற்று மிகையென்போர் உளர். ஆயினும் படத்தின் வாதத்தை நகரம் மூன்றாண்டுகளுக்குள்ளேயே பரீட்சித்துப் பார்த்துவிட்டது.

1973 ஒக்டோபருக்கும் 1974 ஏப்ரிலுக்கும் இடையிலே நகரத் தெருக்களில் வெள்ளையர் பலர் சுட்டும் வெட்டியும் கொல்லப்பட்டனர். கொலையாளிகள் கறுப்பினத்தவரெனத் தெரிந்தபோது, மாநகர முதல்வர் ஜோசப் அலியோட்டோவின் ஆட்சியில், பொதுவானதொரு வருணனைக்குப் பொருந்தும் கறுப்பின ஆண்கள் அனைவரையும் தெருவில் மறித்துச் சோதிக்கும்படி பொலிசாருக்குக் கட்டளையிடப்பட்டது. சோதிக்கப்பட்டவர்களுக்குச் சிறப்பு அட்டைகள் வழங்கப்பட்டன. ஓரிரு வாரங்களுள் நூற்றுக்கணக்கானோர் மறிக்கப்பட்டனர். அவ்வாறு மறிக்கப்பட்டவர்களுட் கொலையாளி ஒருவனுங் கண்டுபிடிக்கப்படவில்லை. சமஷ்டி நீதிபதி ஒருவர் இந்நடைமுறை அரசியலமைப்புக்கு முரணானதெனத் தீர்ப்பளித்தார். பரிசுத்தொகை அறிவிக்கப்பட்ட பின் ஒருவன் தானாக முன்வந்து கொடுத்த தகவலினாலேயே கைதுகள் நிகழ்ந்தன. ஹரியின் வழி திரையிற் பயனளித்தது, தெருவில் அளிக்கவில்லை. இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டும் மர்மப்படம் எதனையும் ஹொலிவூட் எடுக்கவில்லை.

அடுத்து வந்த இரு படங்களைச் சுருக்கமாகக் குறிப்பிட்டாற் போதும். பிரான்சிஸ் போர்ட் கொப்போலாவின் ‘த கொன்வசேஷன்’ 1974இல் வெளிவந்தது. யூனியன் சதுக்கத்தில் உலாவும் இருவரின் பேச்சைத் தூரத்திலிருந்து ஒலிப்பதிவு செய்யும் ஒற்றன் ஒருவனின் மனச்சாட்சியைப் பேசுகிறது அது. வோட்டர்கேற் விவகாரம் கொதித்துக்கொண்டிருந்த வேளை வெளிவந்தமையால் அதன் எதிரொலியெனக் கருதப்பட்டது; உண்மையிலே திரைக்கதை அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே தொடங்கப்பட்டது. பிலிப் கோவ்மனின் ‘இன்வேஷன் ஒவ் த பொடி ஸ்னாச்சர்ஸ்’ 1978 டிசெம்பரில் வந்தது. மனிதர்கள் உருமாறாமல் உள்ளம் மட்டும் மாறிவிடும் கதை. நகர மண்டபத்தின் முன்றலிலே முடிகிறது. அதே நகர மண்டபத்தினுள் நவம்பர் 27ஆந் திகதி மாநகர முதல்வர் ஜோர்ஜ் மொஸ்கோனியும் மேற்பார்வையாளர் ஹார்வி மில்க்கும் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தனர். அதற்கு ஒன்பது நாட்களுக்கு முன்னர் கயானாவிலுள்ள ஜோன்ஸ்டவுனில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மக்கள் கோயில் என்ற அவ்வமைப்பின் தலைமையகம் இடிக்கப்பட்ட பில்மோர்ப் பகுதியிலே, கியரி வீதியில் இருந்தது. மாண்டோருட் பலர் அந்நகரின் கறுப்பினத்தவர். படம் இவற்றுக்கெல்லாம் முன்பே எடுக்கப்பட்டது. எனினும் அம்மாதத்திற் பார்த்தவர்கள் அதனை வெறுங் கற்பனையாகப் பார்த்திருக்க முடியாது.

காலவொழுங்கைச் சற்று மீறி, டேவிட் பின்சர் 2007இல் இயக்கிய ‘ஸோடியக்’ பற்றியும் இங்கே கூறவேண்டும். அதில் வரும் பொலிஸ் அதிகாரி திரையரங்கிலே ‘டேர்ட்டி ஹரி’ பார்க்கிறார். தாம் தீர்க்க முடியாத வழக்கைத் திரையிலே இன்னொருவன் துப்பாக்கியால் தீர்த்துவிடுவதைக் கண்டு வெளியேறுகிறார். 1969ஆம் ஆண்டின் கடற்கரையைக் காட்டவேண்டியிருந்தபோது, இடிக்கப்பட்டுவிட்ட எம்பார்கடேரோ நெடுஞ்சாலையைக் கணினியினாலே மீண்டும் கட்டினர். 1958இன் மர்மப்படம் கண்ணாற் கண்டதை 2007இன் மர்மப்படம் கணக்கிட்டு வரைய நேர்ந்தது.

இனி, இப்பட்டியலிலே வழமையாக இடம்பெறாத ஒரு படம். ஹொங்கொங்கிலே பிறந்த வெய்ன் வாங் ஏறத்தாழ 22,000 டொலர் செலவிற் கறுப்பு வெள்ளையில் எடுத்த ‘சான் இஸ் மிஸ்சிங்’ 1982இல் வெளிவந்தது. வாடகைக் கார் ஓட்டுநர்களான ஜோவும் அவர் மருமகன் ஸ்டீவும் தம் சேமிப்பான 4,000 டொலரைச் சான் ஹங் என்பவரிடம் கொடுத்திருக்கின்றனர். அவர் காணாமற்போய்விடுகிறார். இருவரும் சீனர் பகுதியெங்கும் விசாரித்துத் திரிகின்றனர். வடிவம் துப்பறியும் படத்தினது. துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை, சடலமும் காட்டப்படுவதில்லை. வெல்ஸின் படத்திலே நாயகனுக்குப் பின்னால் அமர்ந்திருந்தவர்கள் இப்படத்திலே பேசுகின்றனர். சமையற்காரர், மொழி கற்பிப்பவர், சட்டம் பயிலும் மாணவி, தைவான் சார்பினர், மக்கட் சீனச் சார்பினர் என ஒவ்வொருவரும் ஒவ்வொரு சானை வருணிக்கின்றனர். 1930களிலும் 1940களிலும் வெள்ளை நடிகர்கள் நடித்த ‘சார்லி சான்’ என்ற சீனத் துப்பறிவாளனை ஓட்டுநர்களே கேலி செய்கின்றனர்.

ஒருவரின் அடையாளத்தை உறுதிப்படுத்த இயலாமை இப்படத்திலே வெறும் கதையுத்தியன்று. 1906இன் தீயிலே பிறப்புப் பதிவேடுகள் எரிந்தமை முன்னர் குறிப்பிடப்பட்டது. விலக்குச் சட்டத்தின் கொடுமையிலிருந்து தப்ப, தாம் அமெரிக்காவிலே பிறந்தவர்களெனச் சீனர் பலர் அறிவித்தனர்; மறுத்துரைக்கப் பதிவேடு இல்லை. அவ்வாறு குடியுரிமை பெற்றவர்களின் பிள்ளைகளெனப் பத்திரத்தில் மட்டும் பெயர் பெற்றுப் பிறர் பலர் வந்து சேர்ந்தனர். ‘கடதாசி மைந்தர்’ என அழைக்கப்பட்ட அவர்களது குடும்பங்களிலே வீட்டுப்பெயர் ஒன்றும் அரசாங்கப் பெயர் ஒன்றுமாகத் தலைமுறைகள் வாழ்ந்தன.

ஜோவின் தேடல் பிலிப்பினோ முதியோர் கூடும் நிலையமொன்றுக்கும் செல்கிறது. அதற்கு மிக அண்மையில், கேர்ணித் தெருவிலே, சர்வதேச ஹோட்டல் நின்றது. வயது முதிர்ந்த பிலிப்பினோக்களும் சீனரும் சிறு அறைகளில் வாழ்ந்த அக்கட்டடத்திலிருந்து 1977 ஓகஸ்ட் 4ஆந் திகதி அதிகாலையிலே, கைகோத்து நின்ற ஆயிரக்கணக்கான ஆதரவாளரை விலக்கிக்கொண்டு, பொலிசார் அவர்களை வெளியேற்றினர். கட்டடம் இடிக்கப்பட்டது, நிலம் பல ஆண்டுகள் வெறுங் குழியாகக் கிடந்தது, 2005இலேதான் முதியோர்க்கான புதிய வீடுகள் அங்கே திறக்கப்பட்டன. வாங்கின் கமெரா அத்தெருக்களில் அலைந்தபோது அந்தக் குழி அங்கே இருந்தது.

பணம் கிடைத்துவிடுகிறது, சானின் மகள் கொண்டுவந்து கொடுக்கிறாள். சான் கிடைக்கவில்லை. ஜோவிடம் எஞ்சுவது அவரோடு சேர்ந்து எடுத்த ஒரு புகைப்படம். அதிலே ஜோவின் முகம் தெளிவாகத் தெரிகிறது. சானின் முகத்திலே நிழல் விழுந்திருக்கிறது.